சாதாரண தரத்துக்குப் பிறகு: தீவுப் பிள்ளைகளும் தோட்டப் பிள்ளைகளும்

(தீவகத்திலிருந்து வந்திருந்த தொழில் வழிகாட்டல் குழுவினர் தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலே, ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும், பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தொழிற் கல்வி பற்றி எடுத்துச் சொல்லுகிற வேலையில் இருப்பவர்கள் நாங்கள். எங்கட பேச்சு உங்களில் சில பேருக்குச் சிரிப்பாய் இருக்கலாம். பரவாயில்லை, சிரியுங்கோ. உங்கட குளிருக்கு நாங்கள் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறதைப் பார்த்தும் சிரிக்கலாம்.

கடற்கரை ஆட்கள் மலையில் வந்து என்ன சொல்லப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். நெடுந்தீவில் ஒரு பெடியன் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைத் தவறவிட்டால், அடுத்த கிழமையே அப்பாவோடு வள்ளத்தில் ஏறிவிடுகிறான். வசதியுள்ள வீடென்றால் வெளிநாட்டுக்கு அனுப்ப வழி தேடுகிறார்கள். இங்கே அதே வயதுப் பிள்ளை கொழும்புக் கடைக்குப் போகிறது. பதினாறு வயதில் "உனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோமே, அது கடலிலும் ஒன்றுதான், மலையிலும் ஒன்றுதான். அதனால்தான் வந்திருக்கிறோம்.

முதலில் சட்டென்று ஒரு செய்தி. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 12ஆம் தரத்துக்குப் போகலாம். பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் இது 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. பிறகு நாடெங்கும் நூற்றுக்கணக்கான பாடசாலைகளுக்கு விரிந்தது. கலை, வர்த்தகம், விஞ்ஞானம், தொழில்நுட்பம் என்ற உயர்தரப் பிரிவுகளோடு தொழிற்பாடப் பிரிவு என்று இன்னொன்று. 26 தொழிற்பாடங்கள் அதில் இருக்கின்றன. கட்டட வேலை, வாகனம், மின்சாரமும் இலத்திரனியலும், அலுமினிய வேலை, உணவு பதனிடல், சிறுவர் பராமரிப்பு, சுற்றுலாவும் விருந்தோம்பலும், மென்பொருள் என்று பலவகை. 12ஆம் தரத்தில் பொதுப் பாடங்களோடு தொழிற்பாடங்களையும் பாடசாலையில் படிக்கிறார்கள். 13ஆம் தரத்தில் ஒரு தொழிலைப் பிடித்து, பயிற்சி நிலையத்திலும் வேலைத்தளத்திலும் பழகுகிறார்கள். ஒழுங்காய் முடித்தால் தேசிய தொழிற்றகைமை, அதுதான் என்.வி.கியூ. என்கிறது, அதில் 4ஆம் மட்டம் கிடைக்கும்.

இதைச் சொன்னவுடனே எங்கட ஊரில் வயதான ஐயாமார் கேட்கிறது ஒரே கேள்வி: "இது அந்த எழுபத்தைந்தாம் ஆண்டுப் படிப்புத்தானே?"

அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தத்திலே தொழில்முன்னிலைப் பாடங்கள் என்று ஒரு வகையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார்கள். அந்தந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதைப் பிள்ளை பாடசாலையில் படிக்க வேண்டும் என்பது எண்ணம். கடலோரத்தில் மீன்பிடி, குயவர் ஊரில் மட்பாண்டம். அந்தத் திட்டத்தின் முதற் பரீட்சை 1975இல் நடந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் திட்டத்தைக் கைவிட்டார்கள். எண்ணம் கெட்டதல்ல. ஆனால் கடலுக்குப் போகிற தகப்பன் என்ன சொல்லுவார்? "வலை பொத்துறதை நான் வீட்டிலை சொல்லிக் குடுப்பன், அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்?" என்பார். சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கோ அந்தத் தொழிலில் அனுபவம் குறைவு, கருவிகளும் போதாது. அந்தப் பாடத்தைப் படித்ததால் மேலே எங்கே போகலாம் என்பதற்கும் தெளிவான வழி இருக்கவில்லை. ஏழைப் பிள்ளையை ஏழையாகவே வைத்திருக்கிற படிப்பு என்று சனம் நினைத்தது. அப்படி நினைத்ததை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

இப்போதைய 26 பாடங்களிலும் நீர்வளம் பற்றியது ஒன்று இருக்கிறது, பெருந்தோட்ட உற்பத்தி பற்றியதும் ஒன்று இருக்கிறது. தீவுப் பிள்ளைக்கு மீனும் தோட்டப் பிள்ளைக்குத் தேயிலையுமா என்று உடனே கோபம் வரும். கொழுந்து பறிக்கிறதைப் படிப்பிக்கத்தான் அந்தப் பாடம் என்றால் நீங்கள் கோபப்பட வேண்டியதுதான். தேயிலையின் தரம் பார்ப்பது, தொழிற்சாலை இயந்திரம், பொதி செய்வது, விற்பது என்று போனால் அது வேறு கதை. தோட்டத்தில் அந்த வேலைகளைச் செய்கிறவர்கள் யார், எங்கேயிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எந்தப் பாடமென்றாலும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு எடுங்கோ. பாடசாலையில் அதற்குத்தான் ஆசிரியர் இருக்கிறார் என்பதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஒரு பாடத்துக்குள் தள்ளுகிற வழக்கம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கும். அதற்கு விடாதையுங்கோ.

எழுபத்தைந்துக்கும் இப்போதைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஏணி. என்.வி.கியூ. ஏழு மட்டம் கொண்டது. 4 வரைக்கும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இரத்மலானையில் தொழிற்றொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. அந்தப் பட்டம் வரைக்கும் வழி இருக்கிறது. எல்லாப் பிள்ளையும் அவ்வளவு தூரம் போகாது. போகிற வழி அடைபடவில்லை என்பதுதான் முக்கியம்.

சரி, பாடம் இருக்கிறது, சேரலாம், ஏணியும் இருக்கிறது. அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் இடையில் நிற்கிறார்கள்? நாங்கள் முக்கியமாய்ச் சொல்ல வந்தது இதைத்தான்.

நெடுந்தீவில் இருக்கிற பிள்ளைக்கு 12ஆம் தரம் ஊரிலேயே முடிந்துவிடும். அம்மாவின் சோறு, சொந்தக் கட்டில், தெரிந்த ஆசிரியர். 13ஆம் தரம் வந்ததும் பயிற்சி நிலையம் யாழ்ப்பாணப் பட்டினத்தில். காலையில் படகேறி, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம் கடலில். அங்கேயிருந்து பஸ் பிடித்து, புங்குடுதீவு, வேலணை தாண்டி, பண்ணைப் பாலத்தால் பட்டினத்துக்கு. நயினாதீவுப் பிள்ளைக்குக் கடல் கால் மணித்தியாலந்தான், பஸ் அதே பஸ். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. மூன்று நாள் ஓடவில்லையென்றால் பிள்ளை மூன்று நாள் வகுப்பில்லை. தொழிற்பயிற்சியில் மூன்று நாள் என்பது கொப்பியைப் பார்த்து எழுதி நிரப்புகிற மூன்று நாளல்ல. அந்த மூன்று நாளும் மற்றப் பிள்ளைகள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகியிருப்பார்கள். திரும்பப் போகிற பிள்ளை பின்வாங்கிலே நிற்கும். பிறகு வெட்கத்தில் போகாமலே விட்டுவிடும். பணம் ஒரு காரணந்தான். அதைவிடப் பெரிது இந்த வெட்கம். இப்படி நின்றுபோன பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம், அவர்களின் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசியும் இருக்கிறோம்.

உங்களுக்குக் கடல் இல்லை. மேல் கணக்கு லயத்திலிருந்து தார் றோட்டுக்கு இறங்குகிற தூரம் இருக்கிறது, விடிய ஒரு பஸ்ஸும் பின்னேரம் ஒரு பஸ்ஸும் இருக்கிறது, மழைக்கு இடிந்து விழுகிற பாதை இருக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

ஆகவே 12ஆம் தரத்தில் பாடத்தைத் தெரிவு செய்கிற அன்றைக்கே 13ஆம் தரத்தைக் கேளுங்கோ. பயிற்சி எந்த நிலையத்தில்? அங்கே விடுதி இருக்கிறதா? இல்லாவிட்டால் பிள்ளை யார் வீட்டில் தங்கும்? வேலைத்தளப் பயிற்சி எந்த ஊரில்? "அதைப் பிறகு பார்ப்போம்" என்று பாடசாலையில் சொன்னால் விடக்கூடாது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு நாலைந்து பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கோ. தனியே போனால் ஒரு பதில், சேர்ந்து போனால் வேறு பதில். இது எங்கட அனுபவம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடம் என்பது மாறக்கூடியது, ஆனபடியால் போன வருடத்துக் கதையை நம்பி இருக்க வேண்டாம்.

விடுதியைப் பற்றி இன்னும் ஒரு சொல். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. அங்கே விடுதி வசதி உண்டு, வாகனம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் முதலிய துறைகள் உண்டு. ஜேர்மனியில் தொழில் பழகுகிற பிள்ளை கிழமையில் மூன்று நாலு நாள் வேலைத்தளத்தில், மிச்ச நாள் பள்ளிக்கூடத்தில். கையும் புத்தகமும் ஒன்றாய்ப் போகிற முறை அது. கிளிநொச்சி உங்களுக்கு அந்நிய இடமுமல்ல. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். உங்களில் எத்தனை பேருக்கு அங்கே மாமன், சித்தி இருக்கிறார்கள் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கோ. கிட்டவென்றால் அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அதை எங்களைவிட நீங்கள் அறிவீர்கள்.

அடுத்தது சான்றிதழ். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு 46,000 வீடு, தோட்டங்களுக்கு 4,000 வீடு, பிறகு தோட்டங்களுக்கு இன்னும் 10,000 என்று ஒதுக்கினார்கள். எங்கட பக்கம் வீட்டுக்காரரே காசைக் கட்டங்கட்டமாய் எடுத்து வீட்டைக் கட்டவேண்டியிருந்தது. அப்போது மேசனைத் தேடி அலைந்த அலைச்சலை மறக்க முடியாது. வேலை தெரிந்த பெடியள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை முடிந்த பிறகு அவர்களில் பலருடைய கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வெளிநாட்டுக்கோ பெரிய கொம்பனிக்கோ விண்ணப்பிக்கப் போனால், வேலை தெரியாதவரோடு சேர்த்து ஒரே வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று.

கடதாசியிலும் விதம் உண்டு. பட்டினத்தில் பெயர்ப்பலகை போட்டுக் காசு வாங்கிச் சான்றிதழ் கொடுக்கிற நிலையங்கள் எத்தனையோ. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் இவற்றைப் பதிவு செய்கிறது. கவனியுங்கோ, நிலையம் பதிவு பெற்றிருப்பது ஒன்று, அங்கே நடக்கிற அந்தக் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூ. அங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. பதிவு இலக்கத்தைக் காட்டி "நாங்கள் அரசாங்கப் பதிவு" என்பார்கள். "இந்தக் கோர்சுக்கு என்.வி.கியூ. உண்டா, எத்தனையாம் மட்டம்?" என்று கேளுங்கோ. பதில் சுற்றி வளைத்து வந்தால் காசை மடியில் வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கோ.

பெண்பிள்ளைகள் விஷயம். தொழிற்பயிற்சி என்றவுடனே பெண்பிள்ளைக்குத் தையல் மெஷின் என்று எழுதி வைத்தாற்போல எல்லாரும் சொல்லுகிறார்கள். தையல் நல்ல தொழில்தான். ஒரே ஊரில் இருபது பேர் தைத்தால் யாருடைய சட்டையைத் தைக்கிறது? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் பெருநிலத்து மின்கம்பி எட்டாமல் டீசல் எஞ்சினில் மின்சாரம் எடுத்து வந்த தீவுகள். அங்கே 530 கிலோவாற் காற்றாலையும் 1,700 கிலோவாற் சூரிய சக்தியும் மின்கலமும் அமைப்பதற்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அப்படி ஒரு தொகுதி வந்தால் அதைப் பராமரிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டுமா, அல்லது மின்சாரம் படித்த நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று நிற்குமா? அந்தப் பிள்ளை பெண்பிள்ளையாய் இருக்கக்கூடாதென்று சட்டம் இல்லை. இதைச் சொன்னால் எங்கட ஊரிலேயே சிலருக்கு முகம் கோணும். கோணட்டும்.

இங்கே பின்னால் நிற்கிற அண்ணாமாருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பத்து வருடம் மேசன் வேலை, சமையல் வேலை, மோட்டார் திருத்தம் என்று செய்துவிட்டுச் சான்றிதழ் இல்லாமல் இருப்பவர்கள் திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் மதிப்பீட்டாளர் உங்கட வேலையைப் பார்த்து, கேள்வி கேட்டு, தேர்ச்சி இருந்தால் என்.வி.கியூ. பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கோ. வீட்டில் அண்ணனுடைய சான்றிதழ் சுவரில் தொங்கினால், தம்பியை 12ஆம் தரத்துக்கு அனுப்ப அம்மாவுக்குத் தைரியம் வரும்.

எங்கட நேரம் முடிகிறது, தேநீரும் வந்துவிட்டது. சாதாரண தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமைக்குள் பாடசாலைக்குப் போய்ப் பெயர் பதியுங்கோ. பிள்ளை ஒருக்கால் கடைக்கோ கடலுக்கோ போய் முதல் சம்பளத்தைக் கையில் வாங்கிவிட்டால் திரும்பக் கூட்டி வருகிறது கஷ்டம். இந்த வருடம் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் உள்ள வீடுகள், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கோ. எந்தத் தோட்டம், எந்தப் பாடசாலை, எந்தத் தொழிலில் விருப்பம், பட்டினத்தில் தங்க யார் வீடு இருக்கிறது என்று நான்கையும் எழுதி உங்கட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம்.