பாதைமாற்றிக்கு ஏற்ற மோட்டர்

லக்கல மலைப்பகுதிக்குப் புகையிரதம் இல்லை. 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து நீண்ட இருப்புப்பாதை மாத்தளையோடு நின்றுவிட்டது. ஆயினும் மேசைமேல் அதனை லக்கல வரை நீட்டிப்பார்க்க விரும்பும் சிறுவனை யார் தடுப்பர்?

பாதை முடியும் நிலையத்தில் எஞ்சின் பெட்டிகளை விட்டு விலகி, பக்கப்பாதை வழியே மறுமுனைக்கு வரவேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு பாதைமாற்றிகள் தேவை. அவற்றின் நாக்குத் தண்டவாளம் சரிவரப் பொருந்தாது நின்றால் சக்கரம் தடம்புரளும். மோட்டரைத் தேர்வதில் கவனம் வேண்டுவது இதனாலேயே.

மின்காந்தச் சுருள் வகை மலிவானது. ஒரே உதையில் நாக்கைத் தள்ளிவிடும். ஆனால் பொத்தானை அழுத்திய விரலை எடுக்கத் தாமதித்தால் சுருள் சூடேறிக் கருகும். பிள்ளைகளோ விரலை எளிதில் எடுப்பவரல்லர்! மின்னைச் சேமித்து ஒருங்கே விடும் கொள்ளளவிச் சாதனத்தை இடையே பொருத்தினால், அது கணத்தில் பாய்ந்து தீர்ந்துவிடும், சுருள் பிழைக்கும்.

மெதுவாக இயங்கும் வகை விலை கூடியது. பலகையின் அடியில் இடமும் கூடுதலாக வேண்டும். எனினும் நாக்கை இடைவிடாது அழுத்திப் பிடித்திருப்பதால், சுரங்கப்பாதைக்குள் மறைந்திருக்கும் பாதைமாற்றிக்கு அதுவே தகும். பாதைமாற்றியில் வில் இருப்பின் முதலில் அதனைக் கழற்றிவிடுதல் நன்று. கை எட்டும் இடத்திலோ மோட்டரே வேண்டியதில்லை. ஒரு கம்பியும் சிறு பிடியும் போதும்.