பந்தயத் திடலின் விசித்திர விதிகள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேச வந்த நாம் பெரிய வீரர்கள் அல்லோம். கல்லூரி இல்லப் போட்டிகளில் 100 மீற்றர் ஓடி, நாலாம் இடத்தை ஆண்டுதோறும் தவறாது காப்பாற்றி வந்தோம். அந்நாளில் நாம் அறிந்த விதிகள் இரண்டே: கோட்டை மிதியாதே, வெடி தீருமுன் ஓடாதே. ஓடிவிட்டால் ஆசிரியர் முறைத்துப் பார்ப்பார். பின்னர் திரும்பவும் கோட்டுக்கு அழைப்பார். உலக அரங்கில் ஓடுவோருக்கு அந்தக் கருணை கிடையாது.

2010ஆம் ஆண்டு முதல், பல்துறைப் போட்டிகள் நீங்கலாக, ஒருமுறை பிழையாகப் புறப்பட்டவரே விலக்கப்படுகிறார். 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் 100 மீற்றர் இறுதியில், உசேன் போல்ட் வெடிக்கு முன் பாய்ந்து, ஓடாமலே வெளியேறினார். உலகமே அவரைப் பார்க்கத்தான் கூடியிருந்தது.

வெடிக்குப் பின் புறப்பட்டாலும் பிழையாகலாம் என்பது இன்னும் விசித்திரம். ஓசை காதில் விழுந்து, மூளை அறிந்து, கால் உதைப்பதற்கு ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்பது விதி வகுத்தோர் கணக்கு. புறப்படும் கட்டையில் பொருத்திய கருவி இதனை அளக்கிறது. 2022இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில், 110 மீற்றர் சட்டவேலி ஓட்ட இறுதியில், டெவன் அலன் என்பார் 0.099 செக்கனில் புறப்பட்டார். தாம் படித்த பல்கலைக்கழக மைதானத்திலேயே, ஆயிரத்தில் ஒரு செக்கனுக்காக அவர் வெளியேற நேர்ந்தது. மனிதரால் இதனினும் விரைந்து எழ முடியும் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. கருவி அவற்றை வாசிப்பதில்லை!

சப்பாத்துக்கும் விதி உண்டு. வீதியோட்டத்தில் அடித்தோல் 40 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. 2021இல் வியன்னா மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசா, 50 மில்லிமீற்றர்ச் சப்பாத்து அணிந்திருந்தமையால் வெற்றியை இழந்தார்.

இனி, மைதானத்தை விட்டு வீட்டுக்குப் போனாலும் விதி பின்தொடர்கிறது. சோதனைப் பட்டியலில் உள்ள முன்னணி வீரர்கள், காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அந்நேரம் எங்கே இருப்பர் என்று நாள்தோறும் தெரிவித்திருக்க வேண்டும். சோதனையாளர் சொல்லாமல் வந்து கதவைத் தட்டுவார். பன்னிரண்டு மாதத்தில் மும்முறை தவறினால், மருந்தே தொடாதவரும் குற்றவாளி. 2019இன் உலக 100 மீற்றர் வெற்றியாளர் கிறிஸ்ரியன் கோல்மன், நத்தார்ச் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்ததாகச் சொன்னார். விளைவு, 18 மாதத் தடை; டோக்கியோ ஒலிம்பிக்கும் போயிற்று. அகப்பட்டவரோ சோதனையாளர் பார்த்திருக்க 90 மில்லிலீற்றர் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். குறைந்தால் காத்திருந்து மீண்டும் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் விரித்துரைப்பது சபைக்கு ஏற்றதன்று.

எம் மனத்தை உறுத்துவது ஒரு சிறுமியின் கதை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், ருமேனியாவின் ஆந்திரேயா ரடுக்கான், பதினாறு வயதினள், உடற்பயிற்சிக் கலையில் தனிநபர் தங்கம் வென்றாள். தடிமனுக்கென்று குழு வைத்தியர் கொடுத்த குளிசையில் அன்று தடைசெய்யப்பட்டிருந்த சூடோஎபெட்ரின் இருந்தது. தங்கம் பறிக்கப்பட்டது, மேன்முறையீடும் பலிக்கவில்லை. வீரரின் உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. அறிந்தாரா, அறியாமற் செய்தாரா என்பது பதக்கத்தைக் காப்பாற்றாது. 2004இல் அம்மருந்தைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2010இல் அளவு வரம்போடு மீண்டும் சேர்த்தார்கள். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

“அறியேன்” என்ற சொல்லை ஏற்றால் எல்லோரும் அதையே சொல்வர் என்பது மெய்தான். நாமும் அதை ஒப்புகிறோம். ஆயினும் அதே சிட்னியில், 200 மீற்றர் ஓட்டத்தில் எங்கள் சுசந்திகா ஜயசிங்ஹ மூன்றாவதாக வந்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் அங்கே எந்தச் சோதனையிலும் அகப்படவில்லை. ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் அவர் தாமே ஒப்புக்கொண்ட பின்னர்தான் பதக்கங்கள் பறிபோயின. சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாற, 2009 டிசம்பர் வரை, ஒன்பது ஆண்டுகள் சென்றன. தடிமன் குளிசை தின்ற பிள்ளையைப் பிடிக்கச் சில நாட்களே போதுமாயிருந்தன.