பள்ளிக்கூடக் கணக்கையும் கேட்போம்!

(கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தண்ணிக்காக மறியல் செய்த சங்கம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏன் பேசுது என்று சிலர் கேட்கிறார்கள். மேட்டூரில் திறந்தால் மட்டும் போதாது, கடைமடைக்கு வந்து சேரணும். பள்ளிக்கூடத்துப் பணமும் அப்படித்தான்.

முதல் அடைப்பு தலைமடையில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 100-க்கு 60 ரூபாய், மாநிலத்தின் பங்கு 40. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய சுமார் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தியது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, 2020 தேசிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்றது. மாநில அரசு மறுத்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையில் ஆயிரம் சண்டை இருக்கட்டும். அதற்கு நம்ம பிள்ளைகளின் படிப்பையா அடமானம் வைப்பது?

அடுத்த அடைப்பு நம்ம ஊர் வாய்க்காலிலேயே இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆனால் நாம் என்ன செய்தோம்? நடவு நேரத்தில் தீர்மான நோட்டை வயலுக்கே கொண்டு வந்தாங்க. நம்ம வீட்டுப் பெண்கள் சேற்றுக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. என்ன எழுதியிருக்குன்னு அவங்களும் கேக்கல, நாமும் கேக்கல. அதில் கழிப்பறை பழுதுபார்த்ததாகச் செலவு எழுதியிருந்ததாம். இன்றைக்கும் அந்தக் குழாயில் சொட்டுத் தண்ணி இல்லை. வயசுக்கு வந்த பிள்ளைகள் மாசத்துல நாலு நாள் பள்ளிக்கூடம் போறதில்லை. கணக்கு வாத்தியார் இடமும் காலி.

திட்ட விதிப்படி 100-க்கு மேல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். உரமூட்டை எடை குறைந்தால் சண்டை போடுகிற நாம், இதைக் கேட்க வேண்டாமா?

நமது கோரிக்கைகள்:

1. அரசியல் தகராறுக்காகக் கல்வி நிதியை நிறுத்தாதே!
2. காலிப் பணியிடங்களை உடனே நிரப்பு!
3. வரவு செலவைப் பள்ளிச் சுவரில் எழுதி வை!
4. குழுக் கூட்டத்தைப் பள்ளியிலேயே, முன்கூட்டித் தேதி சொல்லி நடத்து!

நமக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இனி வாசித்துக் காட்டாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடமாட்டோம். வருகிற குழுக் கூட்டத்துக்கு வேலையை அரைநாள் விட்டுட்டு, குடும்பத்தோடு வாருங்கள். ஆத்துத் தண்ணியைக் கேட்டு வாங்கினோம், பிள்ளைகளின் படிப்பையும் கேட்டு வாங்குவோம்!