மெழுகும் வெண்கலமும்



சுவாமிமலையில் திருமேனிகளை வார்க்கும் ஸ்தபதி எடுத்த எடுப்பிலேயே உலோகத்தைத் தொடுவதில்லை. தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்து உருக்கிப் பக்குவப்படுத்தி, முதலில் அதில்தான் உருவத்தைச் சமைக்கிறார். புருவம் சற்றுத் தாழ்ந்துவிட்டால், காய்ச்சிய கருவியால் ஒரு தொடு தொட்டு உயர்த்துகிறார். விரல் நீண்டுவிட்டால் கிள்ளிக் குறைக்கிறார். மனம் நிறைந்த பிறகே அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார். பின்னர், சூட்டில் மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்ட இடத்தில் உலோகம் பாய்கிறது. மெழுகில் நேர்ந்த பிழை நொடியில் திருந்தும். உலோகத்தில் இறங்கிவிட்ட பிழையோ எளிதில் திருந்தாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்த மெழுகையே உவமையாகக் கொள்கிறேன். கைப்பேசியில் பாடம் கற்பிக்கும் செயலிகளைக் கொண்டு உங்களுள் பலர் படிக்கிறீர்கள். கல்லூரி மாணவர் சிலர் அத்தகைய செயலிகளை ஆக்கவும் முற்படுகிறீர்கள். ஆக்க முற்படுவோர் பலர் முதல் நாளே வெண்கலத்தைக் காய்ச்சத் தொடங்கிவிடுகிறார்கள். மெழுகைப் பற்றி நினைப்பதே இல்லை.

செயலிக்கு மெழுகு எது? எளிய இணையப் பக்கமே அது. முழுச் செயலியை ஆக்குவது பெரிய வேலை. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தகுந்தபடி அதை அமைக்க வேண்டும். பயனாளரின் கணக்கு, மதிப்பெண் சேமிப்பு முதலியவற்றுக்கு வழி செய்யவேண்டும். செயலி அங்காடியின் ஒப்புதலையும் பெறவேண்டும். இணையப் பக்கத்துக்கு இவையெல்லாம் வேண்டியதில்லை. மூன்று நான்கு திரைகளை ஒரு மாலைப் பொழுதில் எழுதி, அதன் முகவரியை அனுப்பினால் போதும். எந்தக் கைப்பேசியின் உலாவியிலும் அது திறக்கும். இன்று கண்ட குறையை இரவில் திருத்தினால், நாளைக் காலை அதே முகவரியில் புதிய வடிவம் காத்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நான்கில் ஒரு பங்கு பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்று சிறுவர்களைக் கேட்டால், நான்கில் ஒரு பங்கே பெரிது என்பார் பலர். மூன்றைவிட நான்கு பெரிதன்றோ! இந்த மயக்கத்தைப் போக்க ஒரு செயலி ஆக்க நினைக்கிறோம். திரையில் இரண்டு ரொட்டிகள். குழந்தை விரலால் கோடிழுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் வெட்டவேண்டும். துண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துண்டும் சிறுத்துப்போவதைக் கண்ணாரக் காணவேண்டும். இதுவே நம் எண்ணம்.

இந்த எண்ணம் பலிக்குமா என்று அறிய, இசை வேண்டுமா? பரிசுப் பதக்கங்கள் வேண்டுமா? இரண்டு ரொட்டிகளும் ஒரு கேள்வியும் போதும். எதை அறிய விரும்புகிறோமோ, அதற்கு வேண்டிய அளவே செய்யவேண்டும். முன்மாதிரிக்கு இதுவே முதல் இலக்கணம்.

அந்தப் பக்கத்தை ஒரு குழந்தையின் கையில் கொடுத்துப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். நாம் கனவிலும் கருதாத பலவற்றைக் காண நேரும். ரொட்டியை வெட்டும் விரலே, கீழே உள்ள எண்ணை மறைத்துக்கொண்டிருக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்காக அளந்து வைத்த பொத்தானில் ‘சரிபார்க்கவும்’ என்ற தமிழ்ச் சொல் அடங்காமல் வெளியே வழியலாம். இவை சிறு குறைகள். பெருங்குறை வேறொன்று உண்டு. குழந்தை ஏதும் சிந்திக்காமல், பச்சை நிறம் தோன்றும்வரை ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே போகலாம். விடைகளெல்லாம் சரியாகிவிடும், குழந்தையும் சிரிக்கும், நாமும் மகிழ்வோம். ஆனால் பாடம் மனத்தில் ஏறியிருக்காது. ஆகவே, இறுதியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு தாளைக் கொடுத்து அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். திரை சொல்லாத உண்மையைத் தாள் சொல்லிவிடும்.

செய்து பார்த்துத் தெளியும் இம்முறை புதியதன்று. சிறுவர்கள் கையில் ஏந்திச் செல்லக்கூடிய கணிப்பொறி ஒன்றை 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆலன் கே கற்பனை செய்தார். அதை உருவாக்கும் தொழில்நுட்பம் அன்று இல்லை. அதற்காக அவர் வாளா இருந்துவிடவில்லை. அட்டையால் ஒரு மாதிரியைச் செய்து, எவ்வளவு கனம் வரை தாங்கும் என்று பார்க்க அதனுள் ஈயக் குண்டுகளை இட்டுத் தூக்கிப் பார்த்தார். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கூல்டும் அவர் தோழர்களும் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவையானது. பேச்சைக் கேட்டு எழுதும் பொறி மக்களுக்குப் பயன்படுமா என்று அறிய அவர்கள் விரும்பினார்கள். பொறி இல்லை, ஆகவே தட்டச்சாளர் ஒருவரை மறைவாக வேறோர் அறையில் அமர்த்தினார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் பேசப் பேச, அவர் தட்டச்சு செய்தார். பேசியவர் முன் இருந்த திரையில் சொற்கள் தோன்றின. குழந்தை தமிழ் வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலியை ஆக்க விரும்புவோரும் இவ்வாறே செய்யலாம். அடுத்த அறையில் ஆசிரியர் ஒருவர் அமர்ந்து பொத்தானை அழுத்தினால், பொறியை ஆக்கும் முன்பே அதன் பயன் விளங்கிவிடும்.

கல்வித் துறையில் இம்முறையை இடைவிடாது பின்பற்றும் குழு ஒன்று உண்டு. 2001-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வைமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் திட்டமே அது. மின்சுற்று, அலை முதலியவற்றைத் திரையில் இயக்கிப் பார்க்கும் பாடங்களை அக்குழுவினர் ஆக்குகிறார்கள். அவை உலாவியிலேயே இயங்குபவை. மாணவர்களைத் தனித்தனியே அமர்த்தி, இயக்கும்போது நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அதைக் கவனித்தே பாடத்தைத் திருத்துகிறார்கள். இதனால் அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று வியப்பானது. ‘இதைச் செய், அடுத்து அதைச் செய்’ என்று விரிவாகக் கட்டளையிட்டால், மாணவர் சொன்னதை மட்டும் செய்து நின்றுவிடுகிறார். தாமாகத் துருவி ஆராய்வது குறைந்துவிடுகிறது. அறையில் தனியே அமர்ந்து சிந்திப்பவருக்கு இது புலப்பட்டிருக்குமா?

இத்தனை எளிய வழியை ஏன் பலர் விட்டுவிடுகிறார்கள்? பற்றுதான் காரணம். ஆறு மாதம் கண்விழித்து ஆக்கிய செயலியில் ஒரு குழந்தை தடுமாறினால், ‘இந்தப் பிள்ளைக்குக் கவனம் போதாது’ என்று சொல்லத் தோன்றும். ஒரு மாலையில் எழுதிய பக்கத்தில் தடுமாறினால், ‘நாம் செய்தது சரியில்லை’ என்று ஒப்புக்கொள்ள மனம் வரும். உழைப்புப் பெருகப் பெருக, உண்மையைக் கேட்கும் காது மந்தமாகிறது.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. தராசு பிழையானால் பெரியவர்கள் கடைக்காரரோடு வழக்காடுவார்கள். பாடக் கருவி பிழையானால் குழந்தை யாரோடு வழக்காடும்? ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தன்னையே நொந்துகொள்ளும். பொத்தானை அமைத்தவர் செய்த தவறு, ஒரு குழந்தையின் தன்னம்பிக்கையில் போய் விடிகிறது. ஆகவே சோதனையைத் தொடங்குமுன், ‘உன்னைச் சோதிக்கவில்லை, இந்தத் திரையைத்தான் சோதிக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அதை மனமாரச் சொல்லுங்கள். பெற்றோர், ஆசிரியர் இசைவைப் பெறுங்கள். குழந்தையின் பெயரையும் படத்தையும் சேகரிக்காதீர்கள்.

எத்தனை பேரைக் கொண்டு சோதிப்பது? ஒரே முறை பெருங்கூட்டத்தைச் சோதிப்பதைவிட, ஐவரைக் கொண்டு சோதித்துத் திருத்தி, மீண்டும் ஐவரைச் சோதிப்பதே நன்று என்று இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் உரிய பாடமாயின், இரு சாராரையும் தனித்தனியே சோதிப்பது முறை.

மெழுகுக்கும் எல்லை உண்டு. மெழுகைத் தூக்கிப் பார்த்து வெண்கலத்தின் கனத்தை அறிய முடியாது. அலைவரிசை எட்டாத ஊரில் செயலி இயங்குமா, பழைய கைப்பேசியில் தள்ளாடுமா, மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடுமா என்பவற்றை இணைய முன்மாதிரி முழுதும் சொல்லாது. அவற்றை உண்மைச் செயலியில்தான் சோதிக்கவேண்டும். அவசரத்தில் எழுதிய பக்கத்தையே மெருகிட்டுச் செயலியாக்கிவிடலாம் என்ற ஆசையும் ஆகாது. அதன் அடித்தளம் உறுதியற்றது. மெழுகு உருகி வழிவிட்டால்தான் வெண்கலத்துக்கு இடம் உண்டு.

எனவே, செயலி ஆக்க எண்ணும் இளைஞர்களே, உங்கள் முதல் வடிவம் அழகாயிராவிட்டால் வெட்கப்படாதீர்கள். அது எளிதில் கைவிடக்கூடியதாக இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு குழந்தையிடம் செல்லுங்கள். குழந்தை எங்கே தயங்குகிறதோ, அங்கே உங்கள் கை திருத்தட்டும். மெழுகு இன்னும் இளகியிருக்கிறது.