கல்லறையில் ஒரு கத்தரிக்கோல்

கல்லறையில் கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் செதுக்கப்பட்டிருந்தால் அங்கே உறங்குகிறவர் யார்? தையற்காரர். கிரீடம் சூடிய சுத்தியல் இருந்தால் கொல்லர். கிரீடத்தின் கீழ் பிறை வடிவக் கத்தி இருந்தால் தோல் அறுத்துக் காலணி தைத்தவர். உழவருக்குக் கலப்பைக் கொழு, நெசவாளருக்குத் தறி நாடா. ஸ்காட்லாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடப்பட்ட கற்கள் பலவற்றில், பெயருக்கு முன்னே கண்ணில் படுவது தொழிற்கருவிதான்.

எழுத்தறியாதவர்களுக்காக இப்படிச் செதுக்கினார்கள் என்று சொல்வார்கள். அது மட்டுமே காரணமல்ல. அன்று நகரத்துக்குள் எவரும் நினைத்த தொழிலைச் செய்துவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் ஆசானிடம் பயின்று, கைத்திறனை மெய்ப்பித்து, கைவினைஞர் சங்கத்தில் இடம் பெற்றவருக்கே அந்த உரிமை. பாடுபட்டுப் பெற்றதைக் கல்லிலும் காட்டிக்கொள்ள ஆசை இருக்காதா?

டண்டி நகரில் 'ஹவ்ஃப்' என்றொரு பழைய இடுகாடு உண்டு. துறவிகளின் தோட்டமாக இருந்த அந்நிலத்தை 1564ஆம் ஆண்டு மேரி அரசியார் நகரத்தாருக்கு வழங்கினார். ஹவ்ஃப் என்றால் கூடுமிடம். ரொட்டி சுடுவோர், தையற்காரர், இறைச்சி வெட்டுவோர், சாயம் தோய்ப்போர் என ஒன்பது தொழிற்குழுவினர் கல்லறைகளுக்கு நடுவிலேயே கூட்டம் நடத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுக்குச் சொந்த மண்டபம் அமையும் வரை இது நீடித்தது.

சரி, சிலுவை எங்கே? 1560இல் சமயச் சீர்திருத்தம் வந்தபின், சிலுவையையும் புனிதர் சிலைகளையும் புதிய திருச்சபை உருவ வழிபாடென்று ஒதுக்கியது. அவற்றின் இடத்தில் மண்டையோடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம் ஆகியவை பெருகின. மரணத்தை மறவாதே என்பதே அவற்றின் பொருள். சிறகு முளைத்த முகமோ விண்ணேகும் ஆன்மாவைக் குறிக்கும். மண்டையோட்டைக் கண்டதும் கடற்கொள்ளையன் கல்லறை என்று சுற்றுப்பயணிகள் கிசுகிசுப்பதுண்டு. பாவம், உள்ளே இருப்பவர் வாழ்நாளெல்லாம் ரொட்டி சுட்டவராக இருக்கலாம்!

கருவிக்கு இருபுறமும் பெரும்பாலும் இருவரின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். கணவனும் மனைவியும்தான். ஆனால் குடும்பப் பெயரின் எழுத்து மட்டும் வேறுபடும். மணமான பின்னும் ஸ்காட்லாந்துப் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. கல்லிலும் அது நிலைத்தது.

இந்த எழுத்துகளுக்குத்தான் இப்போது ஆபத்து. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய அடக்கப் பதிவேடுகள் பல ஊர்களில் அரைகுறையாகவே உள்ளன. எளிய மனிதர் ஒருவர் வாழ்ந்ததற்குக் கல் ஒன்றே சாட்சியாக இருக்கக்கூடும். அதுவோ பல இடங்களில் மணற்கல். மழையிலும் உறைபனியிலும் செதில் செதிலாக உதிர்கிறது. மேலோட்டமாக வெட்டிய எழுத்துகள் மறைந்துவிட, புடைப்பாகச் செதுக்கிய கருவி மட்டும் எஞ்சிய கற்கள் உண்டு. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் எழுத்துகளைப் படியெடுத்தும் படம் பிடித்தும் வருகிறார்கள். முன்னோரைத் தேடி வரும் பேரப்பிள்ளைகளுக்குச் சில இடங்களில் கிடைப்பது ஒரு கத்தரிக்கோலும் பாதி தேய்ந்த ஓர் ஆண்டும்தான்.