போனைப் பிடுங்குவதற்கு முன்



"இனிமே போனைத் தொட்டுப் பாரு, உடைச்சுப் போட்டுடறேன்!" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. சொன்னவர் அடுப்படிக்குப் போனதும் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை மறக்காது. இணையத்தில் பிள்ளைகளை மிரட்டிக் காரியம் சாதிப்பவர்களுக்கு இந்த வசனம்தான் மூலதனம் என்பேன்.

எப்படி என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதில் துப்பாக்கிக்கு 'ஸ்கின்' மாற்ற, ஆளுக்குப் புதுச் சட்டை போட 'டைமண்ட்' வேண்டும். டைமண்டுக்குக் காசு வேண்டும். கூட விளையாடுகிற முகம் தெரியாத ஓர் அண்ணா, "ஃப்ரீயா ஏத்தி விடறேன் தம்பி, போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லு" என்கிறார். பையன் ஓடிபியை வரிசையாகப் படித்துச் சொல்கிறான். அம்மா வங்கியில் கொடுத்திருப்பது அந்தப் போனின் நம்பரைத்தான். பணம் போன குறுஞ்செய்தி வந்ததுமே அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் செய்கிற முதல் வேலை, அந்தக் குறுஞ்செய்தியை அழிப்பது. சொன்னால் முதுகில் விழும், போனும் போய்விடும் இல்லையா?

இப்படிப் பணம் பறிபோனால் புகார் சொல்வதற்கென்றே 1930 என்ற எண் இருக்கிறது. உடனே கூப்பிட்டால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க முயல்வார்கள். பையன் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால், பணம் நாலைந்து கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

பணமாவது பரவாயில்லை. இன்ஸ்டாகிராமில் பிள்ளையின் வயதுப் பெண் மாதிரியே பேசிப் பழகி, ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, "இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் உங்கள் அப்பாவுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பையன்களும் இதில் மாட்டுகிறார்கள். அந்த மிரட்டலைக் கவனியுங்கள். போலீசைச் சொல்லியா மிரட்டுகிறான்? அப்பாவைச் சொல்லித்தான்.

வீட்டுக்குத் தெரிந்ததும் பலர் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். அந்தக் கணக்கின் பெயரும் அவன் எழுதிய மிரட்டலும்தான் சாட்சி. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், மறுபடியும் கேட்பான். மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில், குழந்தைகள் சம்பந்தப்பட்ட இப்படிப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவையும் உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்தின் அடையாளமாக ஓர் எண்கோவை மட்டும் போகும். இந்தச் சேவையில் சேர்ந்திருக்கிற தளங்களில் அதே படம் தென்பட்டால், அதைக் கண்டுபிடித்து நீக்க அந்த எண்கோவை உதவும்.

பிள்ளைகள் ஏமாறுவது ஒரு பக்கம். அவர்களே அடுத்தவர் பிள்ளையை அழவைப்பதும் நடக்கிறது. வகுப்பில் தூங்கி வழிகிற ஒருத்தியைப் படம் பிடித்து, ஸ்டிக்கராக்கி, வாட்ஸ்அப் குழுவில் விடுகிறார்கள். "நான் செய்யல, ஃபார்வர்டு மட்டும்தான் செஞ்சேன்" என்பார்கள். அந்த வாதத்தைப் பிள்ளை யாரிடம் கற்றது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். சிறுமியிடம் ஒருவன் தவறாக நடக்கும் வீடியோவை, "இவனைப் பிடிக்கும்வரை பகிருங்கள்" என்று நாம் குழுக்குழுவாக அனுப்புகிறோமே! குழந்தைகளின் ஆபாசக் காட்சியை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். எச்சரிக்கத்தான் அனுப்பினேன் என்பதெல்லாம் எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர் பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டு, தானும் தண்ணீரில்தானே நிற்கிறார்? ஒருநாள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படி விளையாடறது, எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கிற உற்சாகத்தில், கூட விளையாடுகிறவர்கள் யார் யார் என்பதும் தானாக வரும். அப்படியே வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குப் போய், தெரிந்த எண்கள் மட்டுமே குழுவில் சேர்க்கலாம் என்று இருவருமாக மாற்றி வையுங்கள்.

"என்ன ஆனாலும் முதலில் என்கிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று சொன்னால், சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும். சொல்லப்போனால், இதில் கஷ்டமே அதுதான். கோபம் வரும், திட்டவும் தோன்றும். அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930.

உங்களிடம்கூடச் சொல்ல முடியாத சங்கதி பிள்ளைக்கு இருக்கலாம். அதற்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பிள்ளையே கூப்பிடலாம், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.