எழுத்துத் தெரிந்தால் போதுமா?



"நாளிதழின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறேன், என் கண்ணுக்கு என்ன குறை?" என்று மார்தட்டுகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களோடுதான் எனக்கு வழக்கு! கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய் எழுத்தைத் தொடுவது கடைசியில்தான். முதலில் ஓரப் பார்வையை அரிக்கும். ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டும். பெரும்பாலோருக்கு வலி இல்லை, சிவப்பும் இல்லை. பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் மோதிக்கொள்ளும் நாளில், பார்வை நரம்பில் பெரும்பகுதி பட்டுப்போயிருக்கும்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து ஓயாமல் வடிகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண்மாய்க்கு வரத்து இருந்து மடை தூர்ந்தால் கேடு கரைக்கு. கண்ணில் வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும், கேடு பார்வை நரம்புக்கு. அதில் சுமார் பத்து லட்சம் இழைகள். பட்டுப்போன இழை மறுபடி முளைக்காது. கண்புரை என்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இதில் போனது போனதுதான், மிஞ்சியதைக் காக்கலாம்.

மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் தமிழ்நாட்டு மக்களிடையே ஆய்வு செய்தன. நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், அன்றுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது!

பரிசோதனைக்கு யார் முந்த வேண்டும்? நாற்பதைக் கடந்தவர்கள். கடும் கிட்டப்பார்வை உள்ளவர்கள். மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள். எல்லோருக்கும் முன்னால், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் உள்ளவர்கள். திடீர்க் கண்வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தி என்று வந்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடையில் கண்ணாடிக்குப் பவர் பார்த்தது பரிசோதனை ஆகாது. கண் அழுத்தம் இயல்பு வரம்பான 21 மி.மீ. பாதரசத்துக்குள் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே அழுத்தம், நரம்பு, ஓரப் பார்வை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால், புட்டி தீர்ந்ததும் நோய் தீர்ந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

சொத்துப் பிரிக்கக் கூடுகிற அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, கண்ணைக் காட்டவும் ஒன்றாகப் போங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்கள் அந்த மாதமே மருத்துவர் முன் உட்கார வேண்டும். இதுதான் என் வேண்டுகோள்.